பெயர் வாசிக்காத விழா

நேற்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். மெல்லிய மஞ்சள் துணி, ஓரத்தில் சரிகை என்று சொல்லிக்கொள்ளும் ஏதோ ஒன்று. இப்போது அது கதிரையின் முதுகில் கிடக்கிறது. கடைப் பிளாஸ்ரிக் உறையின் மணமும் பூச்சி உருண்டையின் மணமும் அறையை விட்டுப் போகவில்லை. விடிந்ததும் யன்னலைத் திறந்து வைத்தேன். அப்படியும் போகவில்லை. சரி, உனக்கே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

விழா உன் பெயரில் நடந்தது. வாசலில் உன் படம், ஆள் உயரத்துக்கு. எந்தப் படம் என்று கேள். மீனவர் கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் வேலை செய்தபோது அடையாள அட்டைக்கு எடுத்தாயே, கமராக்காரனைக் கடிக்கப் போகிறவள் மாதிரி முறைத்துக்கொண்டு, அந்தப் படம்தான். அதைப் பெருப்பித்து, பின்னால் நீலக் கடலும் பறவைகளும் வைத்து, கீழே ‘கலை வளர்த்த தாய்’ என்று அடித்திருந்தார்கள். நீ கலியாணமே கட்டவில்லை என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை போல. பக்கத்தில் அனுசரணை வழங்கியவர்களின் பெயர்கள் இருந்தன, உன் பெயரைவிடப் பெரிய எழுத்தில்.

முன்வரிசைக் கதிரைகளுக்குச் சிவப்புத் துணி உறை போட்டு, அதற்குப் பின்னால் கயிறு கட்டியிருந்தார்கள். அந்தச் சிவப்புக் கதிரை ஒன்றில் நானும் இருந்தேன். உன் தங்கச்சி வந்து கையைப் பிடித்துக் கேட்டாள், மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. கூத்தில் ஒரு தருப் பாட்டு முடிந்ததும் ஒலிபெருக்கியில் பெயர் வாசித்தார்கள். லண்டனில் இருந்து இன்னார் தன் தகப்பனாரின் நினைவாக இவ்வளவு, கடைத்தெருவில் இருந்து இன்னார் இவ்வளவு. ராசா சபைக்கு வந்து நின்று, அடுத்த பாட்டுக்கு வாயைத் திறந்துவிட்டு, வாசித்து முடியுமட்டும் வாளோடு காத்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல். தொகைக்கு ஏற்ற கைதட்டல்.

உன்னுடைய பெயரில், நீ வாழ்நாள் முழுக்க வேண்டாம் என்று சொன்னதை ஒன்றுவிடாமல் செய்தார்கள்.

சண்டை முடிந்து சனம் ஊர்களுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்த காலத்தில் நீதான் இந்த விழாப் பேச்சை எடுத்தாய். அப்போது எங்கு திரும்பினாலும் கருத்தரங்கு. வெள்ளை வாகனத்தில் வந்து இறங்கி, எங்களுக்கு என்ன நடந்தது என்று எங்களுக்கே படம் போட்டுக் காட்டிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலும் தந்துவிட்டுப் போவார்கள். அப்படியொரு கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது நீ பார்சலைப் பிரிக்காமலே சொன்னாய்: “எங்கட கதையை உவங்கள் வந்து எங்களுக்குச் சொல்லுறாங்கள். ஒருக்கா நாங்கள் எங்களுக்குச் சொல்லிப் பாப்பமே?” நான் என் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தபால் கந்தோரில் முத்திரை குத்திக் களைத்த எனக்கு அந்த நேரம் கதையைவிடக் கோழிக்கறி முக்கியமாக இருந்தது.

ஆனால் நீ விடவில்லை. கீரிக் கடற்கரையில் இரண்டு நாள் விழா. தீவில் இருந்து கூத்து, நானாட்டான் பக்கத்து ஊர்களில் இருந்து கும்மி, முசலிப் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் இருந்து களிகம்பு ஆட்டம். இன்னொரு பக்கத்தில் பாய்கள் விரித்து, வீட்டு வீடாக மிஞ்சிப்போன பொருட்கள்: முத்துக் குளித்த காலத்தில் மூழ்குவதற்குக் கட்டிய கல், முகாமில் பாவித்த பங்கீட்டு அட்டை, கதவும் பூட்டும் இல்லாமல் போன வீட்டின் திறப்பு. பொருளைக் கொண்டுவந்த ஆளே பக்கத்தில் இருந்து அதன் கதையைச் சொல்ல வேண்டும். பார்க்க வருகிறவரிடம் ஒரு சதமும் வாங்கக் கூடாது. இது அத்தனையும் நீ யோசித்து வைத்திருந்தாய். காசுக்கு என்ன செய்வது என்பதைத் தவிர.

கூட்டுறவு மண்டபத்தில் முதல் கூட்டம் வைத்தபோது அதற்கும் வழி இருக்கிறது என்றார்கள். கோயில் பெருநாளில் எப்படிச் சேர்க்கிறோம், கூத்துக்கு எப்படிச் சேர்க்கிறோம், அப்படித்தான். தருகிறவர்களின் பெயரையும் தொகையையும் ஒலிபெருக்கியில் வாசிப்பது. ஒருவன் பெயரைக் கேட்டு மற்றவன் ரோசப்பட்டுக் கூட்டித் தருவான். நீ எழும்பி, பெயர் வாசிக்க மாட்டோம் என்றாய். தொகையும் சொல்ல மாட்டோம், முன்வரிசைக் கதிரையும் இல்லை, கதிரையே இல்லை, எல்லோரும் மணலில் பாய் போட்டு இருப்பது. மண்டபத்தில் ஒரே இரைச்சல். பெயர் சொல்லாவிட்டால் ஆர் தருவான் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நானும் மனதுக்குள் அதையே கேட்டேன்.

“ஓசியில பாக்க வாறவன் ஆருக்கும் கடன்பட்டு இருந்து பாக்கக் கூடாது,” என்றாய். “தந்தவன் ஆர் எண்டு அவனுக்குத் தெரியாட்டித்தான் அது ஓசி.”

ஏன் இந்தப் பிடிவாதம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நானாட்டானில் நெல்லுக் கேட்டுப் போய்விட்டுத் திரும்பும் வழியில், பஸ் பழுதாகி வயல் நடுவில் நின்றது. நீ வெளியே பார்த்துக்கொண்டே உன் ஐயாவைப் பற்றிச் சொன்னாய். அவர் கூத்தில் மந்திரி வேடம் கட்டுபவர் என்று எனக்குத் தெரியும். ஏன் நிறுத்தினார் என்று தெரியாது. ஒரு வருடம் கடல் கைவிட்டது. வள்ளத்தை அடைவு வைத்துவிட்டு, கூத்துக்கு அவர் கொடுக்கக்கூடியதைக் கொடுத்திருக்கிறார். பெயர் வாசித்தவன் பகிடிக்காரன். உன் ஐயா உடுப்போடும் முடியோடும் சபையில் நிற்கும்போதே தொகையை வாசித்துவிட்டு, மந்திரியார் தந்ததில் மந்திரியாருக்கே ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுப்போம் என்றானாம். ஊரே சிரித்ததாம். ஐயா மிச்சப் பாட்டையும் பிசகாமல் பாடி முடித்து, முடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு அவர் பாடி நீ கேட்கவில்லை. பூசையில்கூட வாய் திறக்க மாட்டாராம்.

“நானும் சிரிச்சனான்,” என்றாய். “எல்லாரும் சிரிக்கேக்க பகிடி எண்டு நினைச்சன்.” பஸ் வெளிக்கிட்டது.

பெயர் சொல்லாமல் காசு சேர்ப்பது என்றால் என்னவென்று அந்த மாதங்களில் பட்டுத் தெரிந்துகொண்டேன். கடைத்தெருவில் பாதிப்பேர் உன் கதையைக் கேட்டுவிட்டு, நல்ல விஷயம், நல்ல விஷயம் என்று தேத்தண்ணி தந்து அனுப்பினார்கள். உன் முகத்துக்கு நேரே நல்ல விஷயம், நீ திரும்பினால் பைத்தியம். தந்தவர்கள் நீ எதிர்பார்க்காத ஆட்கள். நானாட்டானில் ஒரு மனுசி, களத்தில் நெல்லு அள்ளிக்கொண்டிருந்தவ, என்ன ஏது என்று கேட்காமலே ஒரு கடகம் நெல்லை எங்கள் சாக்கில் கொட்டிவிட்டு, கும்மிக்கு வாறன் என்றா. மறிச்சுக்கட்டியில், தகரக் கொட்டிலுக்குள் திரும்பிவந்து குடியிருந்த ஒருவர், தன்னிடம் காசு இல்லை, களிகம்பு ஆட வாறன், என்ர சோறும் நானே கட்டிக்கொண்டு வாறன் என்றார். இதுகளை நீ வாயால் நன்றி சொல்லிக் கெடுக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டுவாய்.

இனி அந்தக் கரைவலைக் கதை. எந்தக் கரை, எந்த வலை என்று இதிலும் எழுத மாட்டேன். தீவில் வலை இழுக்கிற கரை ஒன்றா இரண்டா.

அந்த வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் கையில் காசு தரவில்லை. அதைவிடப் பெரிதாக ஒன்று தந்தார். விழாவுக்கு ஒரு பாடு, ஒரு தடவை வலை வளைத்தால் வருகிற மீன். அன்று காலை ஒரு தடவை வலை வளைத்து நல்ல மீன் பட்டிருந்தது. இரண்டாம் தடவை வளைக்கும்போது, இந்த முறை வலையின் மடியில் வருவது முழுக்க உங்களுக்கு என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளில் ஏறி ரவுணுக்குப் போய்விட்டார். ஒரு முழுப் பாடு. நல்லாகப் பட்டால் விழாவின் அரைவாசிச் செலவு. நீ செருப்பைக் கழற்றிவிட்டுக் கயிற்றையே பிடிக்கப் போய்விட்டாய். ஆட்கள் சிரித்து உன்னை விலக்கிவிட்டார்கள்.

மடி கரைக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. தொட்டால் அரிக்கிற சொறிமுட்டையும் கடல் புல்லுச் சாதாழையும். அவிழ்த்துக் கொட்டினால் கொழகொழவென்று ஒரு குவியல். கறிக்கு ஆகிற மாதிரி ஒன்றுமில்லை. நீ அதைப் பார்த்துக்கொண்டு நின்றாய். எனக்கு அழுகை வந்தது. உனக்கு வந்ததாகத் தெரியவில்லை.

அப்போதுதான் வலையை நடத்தும் மண்டாடி வந்தார். முதல் வளைப்பில் கறிக்கென்று கொடுத்த மீன் எல்லோருடைய ஓலை உமலிலும் இருந்தது. அவர் தன் உமலுக்குள் கையை விட்டு ஒரு பாரையை எடுத்து எங்கள் கடகத்துக்குள் போட்டார். அடுத்தவர் ஒரு திரளி போட்டார். பிறகு கயிறு பிடித்த அத்தனை பேரும் வரிசையாக வந்து போட்டார்கள். அன்று அந்த வீடுகளில் என்ன கறி என்று நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு.

நீ வேண்டாம் என்றாய். பாசாங்குக்கு இல்லை, பயத்தில். சங்கத்தில் வேலை செய்கிறவள், அந்தக் கரையின் கட்டுப்பாடு உனக்குத் தெரியும். கறிக்குத் தரும் மீன் சட்டிக்குத்தான் போகலாம், சந்தைக்குப் போகக் கூடாது. போனால் அது சம்மாட்டியின் மீனைக் களவாக விற்றது. பிடிபட்டவனை அந்த வலையிலும் சேர்க்க மாட்டார்கள், பக்கத்து வலையிலும் சேர்க்க மாட்டார்கள்.

“ஆரும் கேட்டா சம்மாட்டியார் தந்த பாட்டில பட்ட மீன் எண்டு சொல்லுங்கோ,” என்றார் மண்டாடி. “அவர் குடுத்தது உண்மைதானே. கடல்தானே குடுக்கேல்லை.”

எவரிடமும் சொல்ல மாட்டேன் என்று நீ அவருக்கு வாக்குக் கொடுத்தாய். அந்த ஒரு சொல்லை ஏன் கொடுத்தாய் என்று உன்னை நான் எத்தனை முறை ஏசியிருப்பேன். அந்த மணலில் நின்ற எவரும் அதைத்தான் கொடுத்திருப்பார்கள், நானும்தான். அது வேறு விஷயம். கடகத்தை ரவுண் சந்தைக்குக் கொண்டுபோனோம். கேட்டவர்களுக்கெல்லாம் சம்மாட்டியார் விழாவுக்குத் தந்தது என்றோம். ஊரெல்லாம் அவருக்கு நல்ல பெயர். பெயர் சொல்லாத விழாவில் பெயர் எடுத்த ஒரே ஆள் அவர்தான்.

விழா நடந்தது. அதை நான் விவரிக்கப் போவதில்லை, நீயும் அங்கேதான் நின்றாய். கதிரை இல்லாததற்குப் பிரதேச செயலாளர் முகத்தைச் சுழித்தார், பிறகு காற்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பாயில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் மீன் வெட்டுகிற மனுசி ஒருத்தி, அவவின் மடியில் நித்திரையான பிள்ளை. கதவில்லாத வீட்டின் திறப்போடு வந்தவர் தன் கதையைச் சொல்லச் சொல்ல, கேட்டுக்கொண்டு நின்ற ஒருத்தி தன் வீட்டுத் திறப்பும் இருக்கிறது என்று சொல்லி அடுத்த நாள் கொண்டுவந்தாள். விழா முடிந்த கிழமை, வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று கோயில் அறிவித்தல் பலகையில் நீ ஒட்டினாய். நெல்லு விற்றது, மீன் விற்றது, பெட்டியில் விழுந்தது. பெயர் ஒன்றும் இல்லை. அந்த மீன் விற்றது என்ற வரியை நான் அன்றைக்கே கிழித்திருக்க வேண்டும்.

சில வருடம் அப்படியே ஓடியது. விழாவுக்கு ஊரில் ஒரு மதிப்பு வந்தது. மதிப்பு வந்ததும் அதற்கு ஒரு தலைவர் வேண்டியிருந்தது. சம்மாட்டியாரைத் தலைவராக்கினார்கள். நீயும் கை உயர்த்தினாய். பிறகு லண்டனில் இருந்து ஒருவர் முழுச் செலவையும் பொறுப்பேற்பதாக எழுதினார். மேடை, வெளிச்சம், கதிரை எல்லாம் தருவார். தகப்பனாரின் பெயரை வாசித்தால் போதும். கூட்டத்தில் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். நீ மட்டும் எழும்பி, வாசித்தால் அது எங்கள் விழா இல்லை என்றாய்.

இத்தனை வருடமும் ஒருவரும் கேட்காத கேள்வியைச் சம்மாட்டியார் அப்போதுதான் கேட்டார். அவரைப் பொல்லாத மனிதர் என்று நான் எழுதினால் அது பொய். அவருக்கு மனம் உண்மையாகவே நொந்திருந்தது. எப்போதோ அறிவித்தல் பலகையில் பார்த்த அந்தத் தொகை அவருக்குள் கிடந்து உறுத்தியிருக்கிறது.

“நான் ஒரு முழுப் பாடு குடுத்தனான்,” என்றார். “ஒரு பாட்டுக்கு என்ன விலை போகும் எண்டு இஞ்ச இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீங்கள் ஒட்டின காசு இரண்டு கடகம் மீனுக்கும் காணாது. மிச்சம் எங்க?”

மண்டபம் உன்னைப் பார்த்தது. உன்னால் என்ன சொல்ல முடியும்? பட்டது சொறிமுட்டை என்று சொன்னால், அப்படியென்றால் சந்தையில் விற்ற மீன் எங்கிருந்து வந்தது என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது. மண்டாடி கடைசி வரிசை வாங்கில் இருந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வந்த காசைத்தான் ஒட்டினனான்,” என்றாய். பேசாமல் இருந்தவளைக் கள்ளி என்று ஊர் முடிவு கட்டியது. நீ மறு வருடம் உன் வீட்டுக் கூரைக்குத் தகரம் மாற்றினாய், அதுவும் சேர்ந்துகொண்டது. ஒரு சதமும் தராமல் தேத்தண்ணி மட்டும் தந்தவர்கள், நாங்களும் எவ்வளவோ கொடுத்தோம், அது எங்கே போனதென்று தெரியாது என்றார்கள். இல்லை என்று எப்படிச் சொல்வது? பெயரை வாசித்திருந்தால் தந்தவன் ஆர், தராதவன் ஆர் என்று ஊருக்கே தெரிந்திருக்கும். அந்த ஒலிபெருக்கி பெருமைக்கு மட்டுமில்லை, சாட்சிக்கும்தான் இருந்தது என்பதை நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை. உன் ஐயாவை நினைத்து நீ அந்த வாயை அடைத்தாய். உனக்காகப் பேச வேறு வாய் இருக்கவில்லை.

ஒரு பின்னேரம் மண்டாடி உன் வீட்டு வேலிக்கு வெளியே வந்து நின்றார். நான் உள்ளே இருந்தேன். சொல்லிவிடட்டா என்று கேட்டார். நீ வேண்டாம் என்றாய். சரி என்று போய்விட்டார். ஒரு முறைதான் கேட்டார். இரண்டாம் முறை கேட்கவில்லை. அவர் போனதும் நான் உன்னோடு சண்டை பிடித்தேன். சொன்னால் என்ன, அவர்கள் தந்தது நல்ல காரியத்துக்குத்தானே, சம்மாட்டியாருக்கும் விளங்கும் என்று கத்தினேன்.

“விளங்கும்,” என்றாய். “விளங்கி ஒரு கிழமைக்குப் பேசாமல் இருப்பார். பிறகு ஒரு நாள் பாடு குறைஞ்சா, உவங்கள் கறிமீன் விக்கிறவங்கள்தானே எண்டு வரும். எடி, சொன்னா நான் தப்புவன். கயிறு பிடிக்கிற சனம்?”

அப்படியென்றால் நீ? அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டிருந்தாலும் தலையைத்தான் ஆட்டியிருப்பாய்.

அடுத்த விழாவில் கதிரை வந்தது, மேடை வந்தது, பெயர் வாசித்தார்கள். நீ போகவில்லை. உடம்புக்கு வருத்தம் வந்து கொழும்புக்கும் ஊருக்குமாக அலைந்தாய். சங்கத்துப் பழைய ஆட்கள்கூட உன்னைப் பார்க்க வரவில்லை. கடைசி மாதம் நீ என்னிடம் கேட்டது ஒன்றுதான், இந்த வருடமும் களிகம்பு வந்ததா என்று. வந்தது என்றேன். பொய். அவர்களை அழைக்க மறந்துவிட்டார்களாம். நீ செத்ததும் எல்லோரும் வந்தார்கள். உன் பெட்டியைச் சம்மாட்டியார் ஒரு பக்கம் தூக்கினார். மலர்வளையம் கொண்டுவந்தவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். நான் சவக்காலை மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகையைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

நேற்றுச் சம்மாட்டியார் தலைமையுரையில் உன்னைப் புகழ்ந்தார். முதல் விழா தான் கொடுத்த ஒரு பாடு மீனில்தான் நடந்தது என்றார். கைதட்டினார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்த அம்மாவின் கணக்கில் ஏதோ சின்னப் பிழை நடந்திருக்கலாம், மனுசர்தானே, நாங்கள் அதை மன்னித்துவிட்டோம் என்றார். அதற்கும் கைதட்டினார்கள். உன் தங்கச்சி எனக்குப் பக்கத்தில் சிவப்புக் கதிரையில் இருந்து கண்ணைத் துடைத்தாள். நன்றியில் அழுகிறாளா வெட்கத்தில் அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பொன்னாடை. கையில் ஒலிவாங்கியையும் தந்து, சிநேகிதியைப் பற்றி இரண்டு வார்த்தை என்றார்கள். மேடையில் இருந்து பார்த்தால் எல்லாம் தெரிகிறது. பின் கதிரைகள் பாதி வெறுமை. வலை இழுக்கிற சனம் கம்பி வேலிக்கு வெளியே நின்றது. ஒருவரும் தடுக்கவில்லை, ஒருவரும் வந்து இருங்கோ என்று கூப்பிடவும் இல்லை. மண்டாடி அங்கே நின்றார். நரைத்துப் போனார். இப்போது அவர் வலைக்குப் போவதில்லை, இரண்டு மகன்மாரும் போகிறார்கள், அதே வலைக்கு. அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

சொறிமுட்டை என்ற ஒரு சொல் எனக்குத் தொண்டை வரை வந்தது. அதைச் சொன்னால் சம்மாட்டியாரின் முகம் எப்படி மாறும் என்றுகூட நினைத்துப் பார்த்தேன். உன் படம் வாசலில் முறைத்துக்கொண்டு நின்றது. ஒரு சொல்லில் உன்னைக் கழுவிவிடலாம். வேலிக்கு வெளியே மண்டாடி கம்பியைப் பிடித்தார்.

“அவள் ஒரு சதமும் எடுக்கேல்லை,” என்றேன். “எனக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேக்காதேங்கோ. சொல்ல மாட்டன்.”

கொஞ்சப்பேர் கைதட்டினார்கள். அறிவிப்பாளர், சிநேகிதியின் பாசம் என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரை வாசித்தார். நான் இறங்கி வரும்போது சம்மாட்டியார் என் கையைப் பிடித்து, கவலைப்படாதேங்கோ, நாங்கள் அதை எப்பவோ மறந்திட்டம் என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

வெளியே வந்தபோது மண்டாடி வழியில் நின்றார். “பெரிய உபகாரம், அக்கா,” என்றார். நீ ஒருவரிடமும் வாங்காத நன்றியை எனக்குத் தந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் நடந்துவிட்டேன். அவர் செய்தது பிழை என்று என்னால் சொல்ல முடியாது, அதனால்தான் பார்க்கவில்லை.

அன்று கடகத்துக்குள் மீன் போட்ட ஒவ்வொருவரின் பெயரும் எனக்குத் தெரியும். சிலர் செத்துவிட்டார்கள், ஒருவர் வெளிநாடு போய்விட்டார், மற்றவர்கள் நேற்று வேலிக்கு வெளியே நின்றார்கள். பூசையில் இருக்கும்போது அந்தப் பெயர்கள் தானாக மனதுக்குள் வரும், நான் ஒவ்வொன்றாகச் சொல்லி முடிப்பேன். அவற்றை என்னோடு கொண்டுபோய்விடுவேன், அந்தப் பயம் உனக்கு வேண்டாம். ஆனால் நீ போனபின் உன்னைக் கள்ளி என்று சொல்கிற ஊரில் இருப்பது நான்தான். சந்தைக்குப் போனால் கேட்பது நான்தான். அந்த வாக்கை நீ கொடுத்தாய், காப்பாற்றுகிற வேலையை என் தலையில் போட்டுவிட்டுப் போய்விட்டாய்.

நீ செய்யாததற்கு அவர்கள் உன்னை மன்னித்துவிட்டார்கள். நீ செய்ததற்கு நான் உன்னை இன்னும் மன்னிக்கவில்லை.